காக்கா மேடம் பாத்துட்டுச் சொன்னது

எங்கள் பக்கத்தில் "பாத்துட்டுச் சொல்றோம்" என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். முடியாது என்று அர்த்தம். பெண் பார்க்க வந்தவர்கள் கேசரியையும் பஜ்ஜியையும் ஒரு கை பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, "போயிப் பாத்துட்டுச் சொல்றோம்" என்று எழுந்தால், உள்ளே நிற்கிற பெண்ணுக்கு அப்போதே தெரிந்துவிடும். பட்டுப்புடவையை அவிழ்த்துப் போட்டுவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விடுவாள். என்னைப் பார்த்துவிட்டுப் போன அரிமளத்துக் குடும்பம் ஒன்று இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. எனக்குப் பேரன் பிறந்து பள்ளிக்கூடம் போகிறான். அவர்கள் பார்த்து முடிக்கவில்லை.

அதனால்தான் காக்கா மேடத்தைப் புரிந்துகொள்ள எனக்கு அவ்வளவு நாள் ஆனது. அந்த வார்த்தையை அதன் நேரான அர்த்தத்தில் சொல்லுகிற ஒரு மனுஷி இருப்பாள் என்று யார்தான் நினைப்பார்கள்?

கொரோனா ஓய்ந்து எல்லோரும் முகக்கவசத்தைக் கழற்றிப் போட்டிருந்த சமயம். திருக்கோகர்ணத்தில் கோயிலுக்குப் போகிற வழியில் எங்கள் வீடு. மாடிப் போர்ஷன் காலியாகக் கிடந்தது. ஒரு மத்தியானம் ஆட்டோவில் வந்து இறங்கினாள். நாற்பதை நெருங்கிய வயது, கசங்கின காட்டன் சுடிதார், கையில் ஆம்பளை வாட்ச். வீடு பார்க்க வருகிறவர்கள் தண்ணீர் வருமா, கரண்ட் மீட்டர் தனியா என்று கேட்பார்கள். இவள் வாயைத் திறக்கவில்லை. குழாயைத் திறந்து பார்த்தாள், மூடிப் பார்த்தாள். மொட்டைமாடிக்கு ஏறித் தண்ணீர்த் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். அப்புறம் தெருமுனைக் கோழிக்கடைப் பக்கம் திரும்பிக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள்.

"இங்க காக்கா நெறைய வருமாக்கா?" என்றாள்.

"வரும். நான் சோறு வைக்கிறேன்ல" என்றேன்.

"டேங்க் மூடி ஒடஞ்சிருக்கே?"

"அதெல்லாம் மாத்திரலாம். வீடு பிடிச்சிருக்கா, அதைச் சொல்லுங்க."

"பாத்துட்டுச் சொல்றேன்க்கா."

சரிதான், அரிமளத்துச் சொந்தம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம், "இது தேறாதுங்க, வேற ஆளைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்க்கப் போனேன்.

மறுநாள் காலையில் மாடிப்படியில் நின்றாள். சாயங்காலம் மறுபடி வந்து, கழிவுத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெருவில் குனிந்து பார்த்தாள். பிறகு என்னிடம் வந்து, "பாத்துட்டேன்க்கா. வெயில் நல்லா வருது, சாக்கடை தேங்காம ஓடுது. டேங்க்குக்கு மூடி மட்டும் போட்ருங்க. நாளைக்குச் சாமானோட வாரேன்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூடிக்கு என் வீட்டுக்காரர் அவர் வழியில் ஒரு ஏற்பாடு செய்தார். பேரன் பிறந்தநாளுக்கு அடித்த ஃப்ளெக்ஸை மடித்துத் தொட்டியின் மேல் போட்டுக் கல்லை வைத்தார். அந்தப் பிள்ளை சிரித்த முகமாக வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

சனிக்கிழமையும் அமாவாசையும் காக்காவுக்குச் சோறு வைக்காமல் நான் வாயில் ஒரு பருக்கை போட மாட்டேன். வைப்பது என் அக்காவுக்கு. அம்மா முகம் எனக்குத் தெரியாது, என்னைத் தூக்கி வளர்த்தது அக்காதான். அவள் போன நாளிலிருந்து இந்த வழக்கம். பருப்புச் சோற்றில் நெய் விட்டுப் பிசைந்து மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் வைத்து, "கா... கா..." என்று கூப்பிடுவேன். வந்து எடுத்தால்தான் எனக்கு நிம்மதி.

அவள் குடிவந்த பிறகு வந்த முதல் சனிக்கிழமை. சோற்றை வைத்துவிட்டுக் கீழே வந்து சாப்பிட்டேன். தட்டை எடுக்க மேலே போனால், அடியாத்தி! அவள் கைப்பிடிச் சுவரின் மேல் கவிழ்ந்துகொண்டு, பஞ்சு சுற்றிய குச்சியால் காக்கா எச்சத்தைத் தொட்டுத் தொட்டு ஒரு சின்னக் குழாய்க்குள் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

"என்னம்மா பண்றீங்க?"

"எச்சம் எடுக்குறேன்க்கா, லேபுல வச்சுக் கிருமி பாக்குறதுக்கு. என் வேலையே இதுதான்."

"எங்க அக்கா வந்து சாப்பிடுற எடம் அது. அதுல நின்னு பீயை வழிச்சுக்கிட்டு இருக்கீங்களே, நல்லா இருக்கா ஒங்களுக்கே?"

வேறு யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள், இல்லையென்றால் மன்னிப்புக் கேட்டிருப்பார்கள். இவள் கண்ணாடியைப் புறங்கையால் ஏற்றிவிட்டுக்கொண்டு, "எந்தக் காக்கா ஒங்க அக்கா?" என்று கேட்டாள். கீரனூர் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்கிற மாதிரி கேட்டாள். கிண்டல் ஒரு பொட்டு இல்லை.

எனக்கு வந்த கோபம் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றது. "அது எப்படித் தெரியும்? வர்றதுல ஏதோ ஒண்ணு" என்றேன்.

"பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள்.

பார்த்தாள். அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் தண்ணீர்த் தொட்டி நிழலில் சப்பணம் போட்டு உட்கார்ந்து பார்த்தாள். ஒரு நாள் கீழே இறங்கி வந்து, "அக்கா, நீங்க கூப்பிட்டதும் எப்பவும் ஒரே காக்காதான் மொதல்ல எறங்குது. அது தின்னு முடிச்ச பொறகுதான் மத்ததெல்லாம் கிட்ட வருது. அதுக்கு வலது கால்ல ஓர வெரல் மடங்கியே இருக்கு. அதை வச்சுத்தான் அடையாளம் கண்டேன்" என்றாள்.

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். என் அக்காவுக்குச் சின்ன வயதில் ஆட்டுக்கல் குழவி விழுந்து வலது கைச் சுண்டுவிரல் மடங்கிப் போயிருந்தது. அந்த மடங்கின விரலோடுதான் எனக்குச் சோறு பிசைந்து ஊட்டுவாள். இதை நான் இந்தப் பெண்ணிடம் சொன்னதே இல்லை. தற்செயல் என்பீர்கள். தாராளமாகச் சொல்லிக்கொள்ளுங்கள். இத்தனை வருஷம் சோறு வைத்த என் கண்ணில் படாத விரலை, எச்சம் பொறுக்க வந்தவள் பார்த்துச் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் என் அடுப்படியில் வந்து எச்சம் எடுத்திருந்தாலும் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டேன்.

தெருவில் அவளுக்குக் காக்கா மேடம் என்று பெயர் வந்துவிட்டது. காக்கா மட்டும் இல்லை, மாட்டுக்குப் பின்னால் நடக்கிற கொக்கு, குப்பைமேட்டுப் பருந்து, கண்மாய்க்கரையில் மேய்கிற நாரை என்று எல்லாவற்றின் பின்னாலும் போவாள். காலையில் தோளில் ஒரு பெட்டியை மாட்டிக்கொண்டு டவுன் பஸ் ஏறுவாள். பிராய்லர் கோழி ஷெட்டுகள் இருக்கிற ஊர்ப்பக்கம் சுற்றிவிட்டு வெயிலில் கறுத்துத் திரும்புவாள்.

"காக்காவுக்கு அப்படி என்னம்மா நோவு?" என்று என் வீட்டுக்காரர் ஒரு நாள் கேட்டார்.

"ஒரு நோவும் இல்லண்ணே. அது ஜம்முன்னுதான் இருக்கு. மருந்துக்கு அடங்காத கிருமியைக் குடல்ல வச்சுக்கிட்டுப் பறக்குது. இங்கிட்டுத் தின்னுட்டு அங்கிட்டுப் போயி எச்சம் போடுது."

"அப்ப டவுன் பஸ்ஸுன்னு சொல்லு. கிருமி டிக்கெட் எடுக்காம ஏறிக்கிருது."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"சரி, மருந்துக்கு ஏன் அடங்கலங்குற?" என்றார் இவர்.

"சில பண்ணையில கோழிக்கு நோவு வர்றதுக்கு முன்னாடியே குடிக்கிற தண்ணியில மருந்தைக் கலக்கிடுறாங்கண்ணே. சத்து மருந்துன்னு பேரு அதுக்கு. தெனமும் பாக்குற மருந்துக்குக் கிருமி எத்தன நாளைக்குப் பயப்படும்? சாகுறது செத்துப்போகும், தாக்குப்பிடிச்சது பெருகும். அப்புறம் செத்த கோழியையும் கழிவையும் கண்மாய் ஓரமாக் கொட்டுறாங்க. காக்கா தின்னாம என்ன பண்ணும்?"

என் வீட்டுக்காரர் தலையை ஆட்டோ ஆட்டென்று ஆட்டினார். பண்ணைக்காரர்களைத் திட்டினார். அவர் யோக்கியதை எனக்குத் தெரியாதா? தும்மல் வந்தால் மெடிக்கல் ஷாப்பில் போய், "தம்பி, பவரா ரெண்டு குடுப்பா" என்பார். பவர்தான் அவருக்கு வேண்டும், என்ன மாத்திரை என்று கேட்கவே மாட்டார். ஒரு நாள் சாப்பிட்டுச் சுகமாகிவிட்டால் மிச்சத்தைப் பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பார். அடுத்த காய்ச்சலுக்கு அந்த டின்னைக் கவிழ்த்து, கலர் பார்த்து ஒன்றை எடுத்து விழுங்குவார். காக்கா மேடம் ஒரு நாள் அந்த டின்னைத் திறந்து பார்த்துவிட்டு, "அண்ணே, இதுவும் கோழித் தண்ணி மாதிரிதாண்ணே" என்றாள். இவர் டின்னைத் தூக்கி பீரோவுக்கு மேல் வைத்துவிட்டார். அவ்வளவுதான் அவர் திருந்தினது.

அவள் பார்க்காமல் சொன்னது என்று ஒன்றுகூடக் கிடையாது. சாம்பார் ஊற்றிக் கொடுத்து உப்பு சரியா என்று கேட்டால், முதல் வாய்க்குச் சொல்ல மாட்டாள், பாதிச் சோறு சாப்பிட்ட பிறகுதான் சொல்வாள். அதற்குள் என் ஆர்வமே ஆறிப்போகும். எதிர்வீட்டு டீச்சரம்மா மகளுக்கு ஆவூரிலிருந்து ஒரு வரன் வந்தது. பேச்சுவாக்கில் அந்த அம்மா, "போட்டோவைப் பாருங்க மேடம், பையன் எப்படி?" என்று போனை நீட்டினார்கள். "பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள் இவள். டீச்சரம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது, பையனைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை இவள் பஸ் ஏறி ஆவூருக்கே போய், சர்ச் வாசலில் பூசை முடிந்து வந்த கூட்டத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தாள். "பையன் நல்ல பையன்தான். ஆனா என்ன கேட்டாலும் அம்மா மூஞ்சியத் திரும்பிப் பாத்துட்டுத்தான் பதில் சொல்றான்" என்றாள். கல்யாணம் நடந்தது. இன்றைக்கும் அவன் அம்மா முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறான்.

இப்படிச் சிரித்துக்கொண்டு போயிருக்கலாம். விதி விடவில்லை.

என் வீட்டுக்காரருக்கு நீர்க்கடுப்பு வந்தது. சர்க்கரை உடம்பு வேறு. இளநீர் கொடுத்தேன், சீரகத் தண்ணீர் கொடுத்தேன், தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தேன். அவர் பீரோ மேலிருந்த டின்னை இறக்கி, கலர் பார்த்து விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறார். எனக்குத் தெரியாது. பிறகு காய்ச்சல் வந்தது. பல் கிடுகிடுக்க நடுங்கினார். போர்வை மேல் போர்வை போட்டும் நடுக்கம் நிற்கவில்லை.

சத்தம் கேட்டுக் காக்கா மேடம் இறங்கி வந்தாள். நெற்றியைத் தொட்டாள், டின்னைத் திறந்து பார்த்தாள். "இதெல்லாம் போட்டாச்சா? சரி, இப்ப எந்த மாத்திரையும் போடாதீங்க. ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க, ஆட்டோவைக் கூப்புடுறேன்" என்றாள். ஆட்டோவில் போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "மருந்து ஏத்துறதுக்கு முன்னாடி யூரினைக் கல்ச்சருக்கு எடுக்கச் சொல்லி டாக்டர்கிட்ட கேளுங்க. கிருமியை மொளைக்க விட்டுப் பாத்தாத்தான் அது எந்த மருந்துக்குச் சாகும்னு தெரியும்" என்றாள். கேட்டேன். டாக்டரும் நல்லவர், எடுத்துவிட்டுத்தான் மருந்து ஏற்றினார்.

காய்ச்சல் இறங்கவில்லை. மறுநாளும் இறங்கவில்லை. மனுஷன் பேச்சு குழறியது. என்னைப் பார்த்து, "பின்னாடி போங்க, பின்னாடி எடம் இருக்கு" என்று பஸ்ஸில் வருகிறவர்களை ஏற்றிவிடுகிற மாதிரி பேசினார். முப்பது வருஷத்துக்கு மேல் என்னோடு சண்டை போட்ட மனுஷன், என்னையே அடையாளம் தெரியாமல் பின்னால் போகச் சொல்கிறார்.

காக்கா மேடம் தினமும் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். "பொழைச்சிருவாராம்மா? நீ படிச்சவதான, சொல்லு" என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"ரிசல்ட் வரட்டும்க்கா. பாத்துட்டுச் சொல்றேன்."

"ஒரு பேச்சுக்காவது ஒண்ணும் ஆகாதுன்னு சொல்ல மாட்டியா? ஒன் வாயில என்ன கொழுக்கட்டையா இருக்கு?"

ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் கத்தினேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் எழுந்து போகவில்லை. பெஞ்சில் என்னை ஒட்டியே உட்கார்ந்திருந்தாள்.

ரிசல்ட் வந்தது. டாக்டர் படித்துக் காட்டினார். இவர் பவர் பவர் என்று விழுங்கின மாத்திரைகள் எதற்கும் அந்தக் கிருமி அசையாதாம். அதை அசைக்கிற ஊசி ஒன்றோ இரண்டோதான் மிச்சம். அதில் ஒன்றைப் போட ஆரம்பித்தார்கள். அவள் காகிதத்தை வாங்கி மேலிருந்து கீழே பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "இப்பச் சொல்றேன்க்கா. இந்த ஊசிக்குக் கிருமி அடங்கும். காய்ச்சல் எறங்கும்" என்றாள்.

இறங்கியது. போர்வையை உதறிவிட்டுக் காபி கேட்டார். நான் அழுத அழுகையில் பக்கத்துக் கட்டில்காரருக்கே பயம் வந்துவிட்டது.

டிஸ்சார்ஜ் அன்று அவள் டாக்டரிடம் அனுமதி கேட்டுவிட்டு, இவர் கட்டிலருகே வந்தாள். "அண்ணே, ஒங்க கிருமியைக் கொஞ்சம் எனக்குக் குடுப்பீங்களா? நான் எடுத்து வச்சிருக்கிறதோட ஒப்பிட்டுப் பாக்கணும்."

"எடுத்துக்கம்மா. நானே வச்சுக்கிட்டு என்ன பண்ணப்போறேன்" என்றார் இவர். கிண்டல் திரும்பியதும் எனக்கு உயிர் வந்தது.

வீட்டுக்கு வந்த அன்றே என் நாத்தனார் வந்து சேர்ந்தாள். இவருக்கு மூத்தவள். ஆப்பிளை மேசை மேல் வைத்துவிட்டு நேரே மொட்டைமாடிக்குப் போனாள். ஃப்ளெக்ஸ் காற்றில் விலகித் தண்ணீர்த் தொட்டி பாதி திறந்து கிடந்தது. பேரன் முகத்தில் வெள்ளை வெள்ளையாகக் காக்கா எச்சம். பக்கத்துச் சுவரில் நான் சோறு வைக்கிற இடம்.

"இந்தா பாரு, ஒங்க அக்கா அக்கான்னு காக்காயக் கூப்புட்டுச் சோறு போட்டு, அது தண்ணியில பேண்டு வச்சு, எந்தம்பி சாவக் கெடந்து எந்திரிச்சிருக்கான். மாடியில இருக்கவளே சொல்றாளாம்ல, காக்கா கிருமியத் தூக்கிட்டுத் திரியுதுன்னு."

எப்போதும் ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுக்கிறவள் நான். அன்றைக்கு அவள் சொன்னதில் தப்பு எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. காக்கா கிருமி சுமக்கிறது. காக்கா என் வீட்டுக்கு வருகிறது. இவருக்குக் கிருமி வந்தது. சின்னப் பிள்ளைகூடக் கணக்குப் போட்டுவிடும்.

மாடிக்குப் போனேன். "ஏம்மா, எங்க அக்காதான் குடுத்துச்சா?" என்று கேட்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். அவளுக்கும் கண் கலங்கித்தான் இருந்தது. பொய் சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே என் பாரம் இறங்கியிருக்கும், அது அவளுக்கும் தெரியும்.

"தெரியலக்கா. இதுக்கு ரொம்ப நாளாகும், பெரிய லேபுக்கு அனுப்பணும். பாத்துட்டுச் சொல்றேன்."

புதுத் தொட்டி வாங்கி, மூடி போட்டு, பூட்டும் போட்டோம். காக்காவுக்குச் சோறு வைப்பதை நிறுத்தினேன்.

எழுத எளிதாக இருக்கிறது, நிறுத்தினேன் என்று. சனிக்கிழமை மத்தியானம் ஆனால் அது வந்து அடுப்படி ஜன்னலுக்கு எதிரே கேபிள் வயரில் உட்காரும். ஒரு தடவை கூப்பிடும். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை கூப்பிடும். பசியில் கத்துகிற காக்காவின் கத்தல் வேறு. இது என்னவென்று கேட்கிற கத்தல். நான் ஜன்னலைச் சாத்திவிட்டு மிக்ஸியை ஓட விடுவேன். அரைக்க ஒன்றும் இல்லாவிட்டாலும் ஓட விடுவேன். எனக்குச் சோறு ஊட்டின கைக்கு நான் ஒரு பிடி சோறு வைக்கவில்லை. புருஷன் பிழைத்த சந்தோஷத்தை முழுசாகச் சந்தோஷப்படவும் முடியாமல், ஒவ்வொரு சனிக்கிழமையும் தொண்டையில் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். சில மாதம் கழித்து அது வருவதை நிறுத்திவிட்டது.

அதற்குள் காக்கா மேடத்துக்கு இங்கே வேலை முடிந்து வடக்கே எங்கேயோ மாற்றிவிட்டார்கள். போகிற அன்று வீட்டைக் கூட்டிக் கழுவி, சாவியை என் கையில் கொடுத்தாள். "ஒங்க கேள்வி பாக்கியிருக்குக்கா. மறக்கல. பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள்.

"சரிம்மா" என்றேன். ஆட்டோ திரும்புகிற வரைக்கும் வாசலில் நின்றேன். அரிமளத்துக்காரர்களும் இப்படித்தான் வாசல்வரை சிரித்த முகமாகப் போனார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஊர் மாறின பிறகு யார் யாருக்குச் சொல்வார்கள்? மாடிக்கு வேறு குடித்தனம் வந்தது. பேரன் ஒரு வகுப்பு ஏறினான். பிஸ்கட் டின்னில் இப்போது ஊசி நூல் இருக்கிறது, இவர் மெடிக்கலுக்குப் போனால் டாக்டர் சீட்டை நீட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்கிறார்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, சோறு வடித்துக்கொண்டிருக்கிறேன், போன் அடித்தது. தெரியாத நம்பர். எப்படி இருக்கீங்க, ஏது என்று ஒன்றும் இல்லை. எடுத்த எடுப்பில், "அக்கா, பாத்துட்டேன்" என்றாள்.

வடிகலத்தை இறக்கி வைத்தேன். "சொல்லும்மா."

"அண்ணன் கிருமியும் காக்கா கிருமியும் வேற வேறக்கா. பேரு ஒண்ணுதான், குடும்பம் வேற. ஒரே தெருவுல ரெண்டு லட்சுமி இருக்கிற மாதிரின்னு வச்சுக்கங்க. அண்ணனோட கிருமி மனுசங்ககிட்டச் சுத்துற ஜாதி. ஒங்க மாடியில நான் எடுத்ததுல அது ஒண்ணுலகூட இல்ல."

"அப்ப எங்க அக்கா..."

"இருங்க, முழுசாச் சொல்லிடுறேன். ஒங்க காக்காகிட்டயும் மருந்துக்கு அடங்காத கிருமி இருந்துச்சு. அது கோழி ஷெட்டுக் கழிவுல நான் எடுத்ததோட அப்படியே ஒத்துப்போகுது. காக்கா மெடிக்கல் ஷாப்புல போயிப் பவரா ரெண்டு குடுன்னு கேக்கலக்கா. நம்ம ஆளுங்க கொட்டினதைத் தின்னுச்சு, அவ்வளவுதான். நான் எடுக்காத நாளு, வேற காக்கா, அதெல்லாம் நான் பாக்கல. பாக்காததைச் சொல்ல மாட்டேன். பாத்த வரைக்கும், அண்ணனுக்கு ஒங்க அக்கா குடுக்கல."

மறுபடி அழுதேன். அவள் அந்தப் பக்கம் போனைப் பிடித்துக்கொண்டே இருந்தாள், ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாதிரி. நான் மூக்கைச் சிந்தியதும், "சோறு வைங்கக்கா. டேங்க் பக்கம் வேணாம், அந்தக் கடைசிச் சுவத்துல வைங்க. எச்சத்தைக் கையால தொடாம, தண்ணி ஊத்திக் கழுவி விட்டுட்டு, சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்க. டேங்க் மூடி இருக்குல்ல?" என்றாள்.

"பூட்டே போட்டிருக்கு."

"சரி, வச்சிடுறேன்க்கா. பஸ் வந்துருச்சு."

செவ்வாய்க்கிழமைதான். அமாவாசையும் இல்லை. யாரைக் கேட்க வேண்டும்? பருப்பை வேகப் போட்டேன், நெய்யைக் கொஞ்சம் தாராளமாகவே விட்டேன். தட்டை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய், தொட்டியைத் தாண்டிக் கடைசிச் சுவரில் சோற்றை வைத்தேன். "கா... கா..." என்றேன். மறுபடி கூப்பிட்டேன். தெருவில் போகிறவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள், பார்க்கட்டும்.

கோழிக்கடைப் பக்கமிருந்து ஒன்று பறந்து வந்தது. கேபிள் வயரில் உட்கார்ந்து தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது. கீழே இறங்கவில்லை. அத்தனை நாள் ஜன்னலைச் சாத்தினவளை எப்படி உடனே நம்பும்? அதன் கால் வயரைச் சுற்றிப் பிடித்திருந்தது. விரல் தெரியவில்லை. நான் கையால் வெயிலை மறைத்துக்கொண்டு, அசையாமல் நின்றேன்.

கீழேயிருந்து இவர் சத்தம் போட்டார். "என்ன, ஒங்க அக்கா வந்துருச்சா?"

"பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன்.